பதினோரு பாகை

திரியெஸ்தேயில் சில சுவர்களில்
பழைய கொக்கிகள் இன்னும் இருக்கின்றன.
போரா காற்று மலையிறங்கும் நாளில்
அவற்றில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான்
ஒரு காலத்தில் தெருவைக் கடந்தார்களாம்.

நான் வரைந்த எழுத்துக்குக் கொக்கி கிடையாது,
தலையிலும் இல்லை, காலிலும் இல்லை.
பிடிமானம் இன்றிச் சாய்ந்து நிற்கும்,
பதினோரு பாகை.
ஒன்பது வைத்தபோது
சாய்வா, அச்சுப் பிழையா என்று கேட்டான் ஸ்டாங்கோ.
பதின்மூன்றில் விழுந்துவிட்டது.

நிமிர்ந்த எழுத்தைக் கணினியில் தள்ளிவிட்டால் போதாதா
என்பவர்களுக்கு நான் ஓவைக் காட்டுவேன்.
தள்ளிய வட்டம் வட்டமாய் இருப்பதில்லை.
வலது தோளில் சதை போடும், இடது தோள் மெலியும்,
நெரிசல் பேருந்தில் இடிபட்ட ஆள்போல
ஒருக்களித்து நிற்கும்.
ஒவ்வொரு வளைவையும் கையால்தான் மீட்க வேண்டும்.
அந்த ஓர் எழுத்துக்கே
ஒரு பிப்ரவரி முழுதும் போயிற்று.
மயிரிழைக் கோடு, அகன்ற வயிறு,
உள்ளே அவ்வளவு காற்று.
உயிரெழுத்து என்றால்
மூச்சுவிட இடம் வேண்டாமா?

முதலில் வாங்கியவர் ஒரு சோடாத் தண்ணீர்க்காரர்.
பிறகு பாய்மரப் படகுச் சங்கம்,
கரையோரத்தில் ஒரு முடிதிருத்தகம்,
வெற்று அறையில் ஒற்றை நாற்காலியை வைத்து விற்கும் கடை.
காசு இருக்கிற இடத்துக்குத்தான் அகல எழுத்து போகிறது.
வாடகை விளம்பரத்தில்
நாலு சொல் வைப்பதற்குள் வரி தீர்ந்துவிடும்.
இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை.
காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பார்கள்.
இந்த ஊர்க் காற்றில் தூற்றினால்
பதரோடு மணியும் போய்விடும்.

அப்புறம் அந்தக் கண்சொட்டு மருந்துப் பெட்டி.
எனக்குத் தெரியாது. உரிமத்தில் தடையும் இல்லை.
முஜ்ஜாவிலிருந்து ஓந்தினா ஸுபான் என்பவர் எழுதியிருந்தார்:
"உங்கள் எழுத்து அழகு என்கிறாள் என் மகள்.
இருக்கட்டும்.
ஒரு சொட்டா, ஏழு சொட்டா?
எனக்குத் தெரிவது ஒரு முடி.
அதுவும் சாய்ந்து கிடக்கிறது."

கண் மங்கியவர் மருந்தின்மேல்
கண்ணுக்குத் தெரியாத எழுத்து.
சிரிப்பு வந்தது.
ராத்திரி மறுபடி படித்தபோது வரவில்லை.

ஏழின் இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு போட்டேன்.
இங்கே பால்காரர் கணக்கில்கூட ஏழு அப்படித்தான் இருக்கும்.
எனக்கு மட்டும் அது அழுக்காய்த் தெரிந்திருந்தது.
புதுப் பதிப்பை எல்லாருக்கும் இலவசமாய் அனுப்பினேன்.
மருந்துக் கம்பெனி பதில் போடவில்லை.
பெட்டி இன்றும் பழையபடிதான்.

மார்ச்சில் ஒரு காலை,
மீன்கடைக்குப் பக்கத்துச் சுவரில், கறுப்புக் கட்டத்துக்குள்,
என் எழுத்து.
சாவுக்குத் தடித்த நேரெழுத்துதான் இங்கே வழக்கம்.
யாரோ பிடிவாதமாய் இதைக் கேட்டிருக்க வேண்டும்.
ஃபூல்வியோ க்ரிஸ்மான்சிச், படகோட்டி.
பெயர் ஒரு வரியில் அடங்காமல்
கடைசி இரண்டு எழுத்து கீழே இறங்கியிருந்தது.
கட்டத்தைப் பெரிதாக்கவும் இல்லை, எழுத்தைச் சுருக்கவும் இல்லை.
அவர் தலையெழுத்து என் கையெழுத்தா என்று
ஒரு கணம் கூசினேன்.

போரா அன்று வலப்பக்கமிருந்து அடித்தது.
காகிதத்தின் ஒரு மூலை பிய்ந்து படபடத்தது.
காற்று தள்ளித்தான் இவை சாய்ந்தன என்று
இத்தனை நாள் நானும் சொல்லித் திரிந்தேன்.
அங்கே நின்று பார்த்தால்
எழுத்தெல்லாம் காற்றுக்கு எதிரே
தோள் கொடுத்து நின்றன,
என்னைப்போல, தெருவில் போன எல்லாரையும்போல.

கூடையோடு ஒரு கிழவி பக்கத்தில் வந்து நின்றாள்.
பையிலிருந்து கண்ணாடியை எடுக்கவில்லை.
கண்ணைச் சுருக்கிப் பெயரை விட்டுவிட்டு
வயதை மட்டும் உரக்கப் படித்தாள்.
"எழுபத்தொன்று."
பிறகு நெத்திலி என்ன விலை என்று
கடைக்குள் எட்டிப் பார்த்தாள்.